பழைய இரும்பு யார்டு கேட்டில் கதிர்வீச்சு அலாரம்: அளவை ஏற்றி வைக்கலாமா?

எடைமேடைக்காரன்:
வணக்கம். பழைய இரும்பு வாங்கி உருக்காலைக்கு அனுப்பும் யார்டில் கேட்டையும் எடைமேடையையும் பார்த்துக்கொள்வது என் வேலை. லாரி நுழையும் வழியில் இரண்டு பக்கமும் கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கும் பேனல்கள் நிற்கின்றன. பிரச்சினை என்னவென்றால் அலாரம் அடிக்கடி அடிக்கிறது. அடித்த லாரியை ஓரங்கட்டிப் பார்த்தால் பெரும்பாலும் உலைச் செங்கல், பீங்கான் உடைசல் என்று ஏதாவதுதான் இருக்கிறது. மழை பெய்யும்போது காலி லாரிக்கும் அடித்ததுண்டு. வரிசை நீண்டு ஓட்டுநர்கள் சத்தம் போடுகிறார்கள். மேலிடத்தில் "அலாரம் அளவைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள், தொல்லை விடும்" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் கூடாது என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை.

மண், கல், காற்று எல்லாவற்றிலும் இயற்கையாகவே கதிர்வீச்சு இருக்கிறது என்கிறார்கள். அதற்கு நடுவில் மனிதன் செய்த ஒரு சின்ன சீசியம் குப்பியோ கோபால்ட் துண்டோ கிடந்தால் கருவி அதை எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்கிறது? இன்னொன்று, லோடு லாரி பேனலுக்கு நடுவே வந்ததும் திரையில் எண் ஏறாமல் இறங்குகிறதே, அது ஏன்? கருவி கெட்டுவிட்டதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

புள்ளிக்கணக்கு:
அளவை ஏற்றும் பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம், அதற்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது.

கதிரியக்கச் சிதைவு சீராக நடப்பதில்லை, தாறுமாறாகத்தான் நடக்கும். கருவி பிடிக்கும் ஒவ்வொரு கதிரும் ஒரு கவுன்ட். ஒரு நொடிக்குச் சராசரியாக 1000 கவுன்ட் வரும் இடத்தில் ஒரு நொடி 970 வரும், அடுத்த நொடி 1040 வரும். இந்த ஆட்டம் எவ்வளவு இருக்கும் என்பதற்கு எளிய விதி உண்டு: எண்ணிக்கையின் வர்க்கமூலம். 1000க்கு அது சுமார் 32. இதைத்தான் ஒரு சிக்மா என்கிறோம். அலாரத்தை மூன்று சிக்மாவில், அதாவது 1095இல் வைத்தால், ஒன்றுமே இல்லாதபோதும் சுமார் 740 அளவீடுகளில் ஒன்று அதைத் தாண்டும். நொடிக்கு ஒரு அளவீடு, ஒரு லாரி கடக்கப் பத்து நொடி என்று வைத்துக்கொண்டால் 74 லாரிக்கு ஒரு வெட்டி அலாரம். ஐந்து சிக்மாவுக்கு, அதாவது 1158க்குப் போனால் கதை அடியோடு மாறிவிடும். அங்கே 35 லட்சம் அளவீடுகளில் ஒன்றுதான் தற்செயலாகத் தாண்டும், லாரிக் கணக்கில் மூன்றரை லட்சம் லாரிக்கு ஒன்று.

எனவே உங்கள் பேனல் நான்கு, ஐந்து சிக்மா அளவில் இருந்தும் அடிக்கடி அடிக்கிறது என்றால், அது எண்களின் ஆட்டத்தால் அடிக்கவில்லை. அங்கே நிஜமாகவே கூடுதல் கதிர்வீச்சு வந்திருக்கிறது, கருவி சரியாகத்தான் சொல்கிறது. அது எதிலிருந்து வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் அளவை 1500க்கு ஏற்றினால் என்ன ஆகும்? முன்பு 158 கவுன்ட் கூடுதலாகத் தந்தாலே பிடிபட்டிருக்கும் மூலம் (கதிர்வீச்சு தரும் பொருள்) இப்போது 500 தந்தால்தான் பிடிபடும், அதாவது மூன்று மடங்குக்கும் மேல் வலுவாக இருந்தாக வேண்டும். இதை மேலிடத்தில் அப்படியே சொல்லுங்கள்.

சும்மா_சொல்றேன்:
இவ்வளவு சிக்கல் எதற்கு? ஒரு கையடக்க கைகர் கருவி வாங்கி, காலையில் வெறும் இடத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். லாரிக்குப் பக்கத்தில் காட்டுவதிலிருந்து அதைக் கழியுங்கள். மிச்சம் இருந்தால் ஏதோ இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதானே.

புள்ளிக்கணக்கு:
நண்பரே, கழித்தல் கணக்கு இங்கே இரண்டு இடத்தில் உடைகிறது. சின்ன கைகர் குழாய் பின்னணியில், அதாவது சுற்றுப்புறத்தில் எப்போதும் இருக்கும் கதிர்வீச்சில், நிமிடத்துக்கு 20, 25 கவுன்ட் காட்டும். 25இன் வர்க்கமூலம் 5, அதாவது ஒரு நிமிடம் பொறுமையாக எண்ணினாலும் 20 சதவீதம் ஆட்டம். அதில் சின்ன வித்தியாசம் மூழ்கிப்போகும். இரண்டாவது, பின்னணி என்பது காலையில் குறித்துக்கொண்டு மாலை வரை கழிக்கக்கூடிய ஒரு நிலையான எண்ணே அல்ல, அது ஒரே நாளில் ஏறி இறங்கும்.

தூரம் என்ன செய்யும் என்பதையும் பாருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் மூலத்திலிருந்து வரும் கவுன்ட் நான்கில் ஒன்றாகிவிடும், பின்னணி அப்படியே இருக்கும். அதே நம்பிக்கையோடு கண்டுபிடிக்க வேண்டுமானால் 16 மடங்கு நேரம் எண்ண வேண்டும். கருவியை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் எட்டும் தூரம் 19 சதவீதம்தான் கூடும். அதனால்தான் கேட்டில் பேனலை லாரியை ஒட்டி நிறுத்தி, வண்டியை மெதுவாக விடச் சொல்கிறார்கள்.

பேனல்_மெக்கானிக்:
இந்த மாதிரி பேனல்களைப் பழுது பார்ப்பதே என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

லோடு லாரி வந்ததும் எண் இறங்குவது கருவியின் கோளாறு அல்ல. பேனலுக்குள் இருப்பது பெரிய பிளாஸ்டிக் சின்டிலேட்டர் பலகை, அதாவது கதிர் பட்டால் மினுக்கென்று ஒளி தரும் பலகை. அதற்கு வரும் பின்னணியில் பெரும்பகுதி தரையிலிருந்தும் சுற்றியுள்ள கட்டடங்களிலிருந்தும் வருகிறது. பல டன் இரும்பு ஏற்றிய லாரி நடுவில் வந்து நின்றால் தரையிலிருந்து வருவதில் ஒரு பங்கை அதுவே மறைத்துவிடும். லோடைப் பொறுத்து 10, 20 சதவீதம்கூட இறங்கும்.

ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பின்னணி 1000, லாரி வந்ததும் 800 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லோடுக்குள் ஒரு மூலம் கிடந்து 150 கவுன்ட் தருகிறது. மொத்தம் 950. வெறும் பின்னணியைவிடவே குறைவு! மேலே சொன்ன 1158 அளவுக்குப் பக்கத்தில்கூட வராது, லாரி சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். ஆனால் லாரி முன்னிருந்து பின்வரை கடக்கும்போது வரும் கோட்டை வரைந்து பாருங்கள். 800இல் படுத்துக்கொண்டு போகும் கோடு ஓரிடத்தில் மட்டும் 950க்கு எழும்பி இறங்கும். 800க்குச் சிக்மா 28, ஆக அந்த எழும்பல் ஐந்து சிக்மாவைத் தாண்டிவிடுகிறது. உயரத்தை மட்டும் பார்த்தால் தெரியாதது கோட்டின் வடிவத்தில் பளிச்சென்று தெரிகிறது. நல்ல பேனல் மென்பொருள்கள் இதைக் கணக்கில் எடுக்கும். உங்களுடையது எடுக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கட்டாயம் கேளுங்கள்.

இதே வடிவம்தான் உலைச் செங்கலையும் காட்டிக்கொடுக்கும். செங்கல், பீங்கான், கிரானைட், பொட்டாஷ் உரம் இவற்றில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் லோடு முழுக்கப் பரவியிருக்கும், அதனால் கோடு லாரியின் நீளம் முழுவதும் அகலமாக உப்பி நிற்கும். தொலைந்துபோன மூலம் ஒரு புள்ளி, அதன் முகடு குறுகலாக, கூராக வரும். முகடு லோடில் இல்லாமல் ஓட்டுநர் கேபினுக்கு நேராக வந்தால்? ஓட்டுநரையோ உதவியாளரையோ இறங்கச் சொல்லிவிட்டு, வண்டியை வேறொருவரை வைத்து மறுபடி விடுங்கள். முகடு மறைந்துவிட்டால் அவருக்குச் சமீபத்தில் தைராய்டுக்கு அயோடின்-131 சிகிச்சையோ, டெக்னீசியம் ஊசி போட்ட எலும்பு ஸ்கேனோ நடந்திருக்கிறதா என்று மரியாதையாக, தனியாகக் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டிய விஷயம் அல்ல அது.

மழை: காற்றில் இருக்கும் ரேடான் வாயு சிதைந்து ஈயம்-214, பிஸ்மத்-214 என்று தூசியில் ஒட்டிக்கொள்கிறது. மழை அவற்றைக் கழுவித் தரையில் இறக்கிவிடும். அவை வெளிவிடும் காமா கதிரின் (ஊடுருவிச் செல்லும் கதிர்) அளவு திடீரென்று ஏறும். இவற்றின் அரை ஆயுள் (பாதி சிதைந்துபோக ஆகும் நேரம்) 27 நிமிடமும் 20 நிமிடமும்தான், அதனால் மழை நின்று இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பேனல் காலியாக இருக்கும்போதெல்லாம் பின்னணியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், அதனால் சாதாரணமாக மழையைச் சமாளித்துவிடும். ஆனால் வரிசை முட்டி லாரிகள் இடைவெளியே இல்லாமல் போனால் அதற்குப் புதுப்பிக்க நேரம் கிடைக்காது, மழைக்கு முந்தைய பழைய எண்ணோடு ஒப்பிட்டு அடித்துவிடும். உங்கள் காலி லாரி அலாரத்துக்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். மழை நேரத்தில் லாரிக்கும் லாரிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுப் பாருங்கள்.

நிறமாலை_பித்தன்:
மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு முடியவில்லை. இயற்கையா செயற்கையா என்பதற்கு உறுதியான சாட்சி காமா கதிரின் ஆற்றல்தான். பிளாஸ்டிக் பலகை அதைச் சரியாகப் பிரிக்காது. அலாரம் அடித்த லாரியை ஓரங்கட்டிய பிறகு, சோடியம் அயோடைடு அல்லது சீசியம் அயோடைடு படிகம் வைத்த கையடக்கக் கருவியால் நிறமாலை, அதாவது எந்த ஆற்றலில் எத்தனை கவுன்ட் என்று காட்டும் வரைபடம், எடுக்க வேண்டும்.

இயற்கையின் முகவரி எப்போதும் ஒன்றுதான். பொட்டாசியம்-40 என்றால் 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இது ஆற்றலின் அலகு, இனி வெறும் எண்ணாகவே எழுதுகிறேன்). யுரேனியம் வரிசையில் (அது சிதைந்து ஒன்றன்பின் ஒன்றாக உண்டாகும் தனிமங்கள்) பிஸ்மத்-214 தரும் 609, 1120, 1764, ஈயம்-214 தரும் 352. தோரியம் வரிசையில் தாலியம்-208 தரும் 2614, ஆக்டினியம்-228 தரும் 911. செயற்கை மூலங்களில் சீசியம்-137க்கு 662, கோபால்ட்-60க்கு 1173, 1332 என்ற இரட்டை, இரிடியம்-192க்கு 316, 468ஐச் சுற்றி ஒரு கூட்டம், அமெரிசியம்-241க்கு 60. கவனித்தால் தெரியும், தொழிலில் புழங்கும் இந்த மூலங்கள் எல்லாமே 1400க்குக் கீழே இருக்கின்றன. 1400க்கு மேலே இருப்பது கிட்டத்தட்ட இயற்கை மட்டும்தான். இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே விமானத்திலிருந்து தேடுபவர்கள் கீழ்ப்பகுதிக் கவுன்ட்டுக்கும் மேல்பகுதிக் கவுன்ட்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார்கள். கீழே மண் மாறினால் இரண்டும் சேர்ந்து ஏறும், விகிதம் அவ்வளவாக அசையாது. செயற்கை மூலம் இருந்தால் கீழ்ப்பகுதி மட்டும் ஏறி விகிதம் கெட்டுவிடும்.

இதில் மிகவும் ஏமாற்றுகிற ஜோடி 609ம் 662ம். சோடியம் அயோடைடின் பிரிதிறன் (அருகருகே உள்ள ஆற்றல்களைப் பிரித்துக் காட்டும் திறன்) 662இல் சுமார் 7 சதவீதம், அதாவது முகட்டின் அகலமே 46. இரண்டு முகடுகளுக்கும் நடுவே இருப்பது வெறும் 53. மழை பெய்த தரையில் அவசரமாக அரை நிமிடம் அளந்தால் பிஸ்மத்தைக் கருவி சீசியம் என்று எழுதிக் காட்டிவிடும். வெப்பநிலை மாறி கருவியின் அளவுகோல் 8, 9 சதவீதம் நகர்ந்துவிட்டால் 609 போய் நேராக 662இல் உட்கார்ந்துகொள்ளும். அதனால் நான் முதலில் 1461 தன் இடத்தில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். எந்த மண்ணிலும் பொட்டாசியம் இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கும் அளவுகோல் அது. பிறகு துணையைத் தேடுவேன். பிஸ்மத் தனியாக வராது, 352, 1120, 1764 கூடவே வரும். துணையே இல்லாமல் 662 மட்டும் தனியாக எழுந்து நின்றால் அது சீசியம். நிறமாலையை ஐந்து, பத்து நிமிடமாவது எடுங்கள், லாரியிலிருந்து தள்ளி அதே நேரம் ஒரு பின்னணி நிறமாலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெர்மானியம் கருவி இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை, ஆனால் அதைக் குளிரூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. செயற்கை என்றால் ஆபத்து, இயற்கை என்றால் சாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இருட்டில் ஒளிரும் பழைய ரேடியம் டயல்கள், பழைய ரேடியம் மருத்துவ ஊசிகள் எல்லாமே 609, 1764 என்று அச்சு அசலாக யுரேனியம் வரிசையின் முகத்தைத்தான் காட்டும். எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களின் உட்புறம் படியும் படிவிலும் ரேடியம் உண்டு, தோரியம் கலந்த மக்னீசியம் பாகங்கள் பழைய விமான இன்ஜின்களில் வரும். எதிர்ப்பக்கம் பார்த்தால், 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் தூவிய சீசியம்-137 இன்றைக்கும் மண்ணில் இருக்கிறது, நீண்ட நேரம் அளந்தால் சாதாரணத் தரையே மெலிதாக 662ஐக் காட்டும். பெயரோடு அளவையும், அது ஒரே இடத்தில் குவிந்திருக்கிறதா பரவியிருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரேடியோகிராபி_ஆள்:
தொழிற்சாலை ரேடியோகிராபியில் (உலோகத்தின் உட்புறத்தைக் கதிர்வீச்சால் படம் பிடிப்பது) இரிடியம் மூலங்களோடு வேலை செய்தவன் என்பதால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உங்கள் மேலிடம் "தொல்லை" என்று சொல்வது எதைத் தடுக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1983 கடைசியில் மெக்சிகோவின் சியூதாத் ஹுவாரெசில் கைவிடப்பட்ட ஒரு மருத்துவக் கருவி பழைய இரும்புக்குப் போனது. அதற்குள் இருந்த ஆயிரக்கணக்கான கோபால்ட்-60 மணிகள் இரும்போடு உருகி கட்டுமானக் கம்பியாகவும் மேசைக் கால்களாகவும் வெளியே போயின. யாருக்கும் தெரியாது. 1984 ஜனவரி 16 அன்று அந்தக் கம்பி ஏற்றிய ஒரு லாரி அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் பக்கமாகப் போனபோது அங்கிருந்த கதிர்வீச்சுக் கருவி அடித்ததால்தான் விஷயமே வெளியே வந்தது. கோபால்ட் உருகினால் எஃகோடு கலந்துவிடும். சீசியம் ஆவியாகி உலைத் தூசியில் சேரும், அதை அள்ளும் தொழிலாளி சுவாசிப்பார்.

1987இல் பிரேசிலின் கோயானியாவில் மூலம் உலைக்குப் போகவில்லை, பழைய இரும்புக் கடைக்கே போனது. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த சீசியம் தூளை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொடுத்திருக்கிறார்கள். நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒருத்தி ஆறு வயதுக் குழந்தை. 2010இல் டெல்லி மாயாபுரியிலும் பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 ஒருவர் உயிரை எடுத்தது. இந்தக் கடைகள் எதிலும் அடிப்பதற்கு ஒரு கருவி இருக்கவில்லை. உங்கள் கேட்டில் இருக்கிறது. அதை ஊமையாக்கச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதோடு பேனலை மட்டும் நம்பவும் வேண்டாம். ஈயத்திலோ டங்ஸ்டனிலோ செய்த கூட்டுக்குள் மூலம் பத்திரமாக இருந்தால், அதுவும் லோடுக்கு நடுவில் புதைந்திருந்தால், பேனல் அடிக்காமலே போகலாம். உலைக்குப் போவதற்கு முன் நறுக்கும்போது அந்தக் கூடு உடைந்தால் அப்போதுதான் ஆபத்து வெளியே வரும். அதனால் கண்ணும் வேலை செய்ய வேண்டும்: அளவுக்கு மீறிக் கனக்கும் சின்ன உருளை, தடித்த ஈய உறை, கதிர்வீச்சை எச்சரிக்கும் மூவிதழ்க் குறி, அழிந்துபோன எச்சரிக்கைத் தகடு. இறக்குகிற ஆட்களுக்கு இந்தப் படங்களைக் காட்டி வையுங்கள். நகத்தளவு மூலமும் போதும் என்பதற்கு 2023இல் ஆஸ்திரேலியாவில் தொலைந்த சீசியம் குப்பி உதாரணம். 8க்கு 6 மில்லிமீட்டர்தான். அதை 1400 கிலோமீட்டர் சாலையில் தேடி, மணிக்கு 70 கிலோமீட்டரில் ஓடிய வண்டியில் பொருத்தியிருந்த கருவிதான் கண்டுபிடித்தது. வெட்டவெளியில், மறைப்பில்லாமல் கிடந்ததால் அந்த வேகத்திலும் முடிந்தது. இரும்புக் குவியலுக்குள் கிடந்தால் முடியாது.

எடைமேடைக்காரன்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. 950 கவுன்ட் கணக்கை அப்படியே எழுதி எடுத்துப் போய்க் காட்டப்போகிறேன். இரண்டு சந்தேகம் பாக்கி. எங்கள் பேனலில் நியூட்ரான் என்று தனியாக ஒரு விளக்கு இருக்கிறது, இதுவரை எரிந்ததே இல்லை, அது எதற்கு? அப்புறம், கூரான முகடாகவே வந்துவிட்டால் நான் உடனே என்ன செய்ய வேண்டும்? ஆட்களை வைத்து லோடைப் பிரித்துப் பார்ப்பதுதான் இதுவரை இங்கே வழக்கம்.

பேனல்_மெக்கானிக்:
அந்த வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். கூரான முகடு வந்தால் யாரும் லோடைத் தொடக் கூடாது. லாரியை ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் இடத்தில் நிறுத்தி, ஓட்டுநரை இறக்கி, கையடக்க அளவீட்டுக் கருவியை முன்னால் நீட்டிப் பிடித்தபடி மெதுவாக நெருங்குங்கள். மணிக்கு 100 மைக்ரோசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சின் அலகு) காட்டும் இடத்தில் சர்வதேச அணுசக்தி முகமையின் வழிகாட்டுதல் எல்லைக் கயிறு கட்டச் சொல்கிறது. நீங்கள் அதற்கு வெகு முன்பே நின்றுவிடுங்கள், பின்னணியைப் போல் சில மடங்கு தெரிந்தாலே போதும். உங்கள் நாட்டுக் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போன் போடுங்கள். லாரியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அது கேட்டில் கருவி இல்லாத வேறொரு யார்டுக்குத்தான் போகும். திரையில் வந்த கோட்டைப் படம் எடுத்து வைத்தால் வருகிறவர்களுக்கு மூலம் லோடில் எந்த இடத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும்.

நியூட்ரான் விளக்கு இதுவரை எரியாதது நல்லது. நியூட்ரானின் பின்னணி மிகக் குறைவு, பெரும்பாலும் விண்கதிர்கள் காற்றிலும் உலோகத்திலும் மோதி உண்டாவதுதான். பெரிய இரும்பு லோடு வந்தால் அதுவே கொஞ்சம் கூட்டிக் காட்டும். அதைத் தாண்டி எரிந்தால் செங்கல், மழை, ஸ்கேன் எடுத்த ஓட்டுநர் என்று எந்தச் சமாதானமும் செல்லாது. எண்ணெய்க் கிணறு ஆய்விலும் மண் ஈரம் அளக்கும் கருவியிலும் வரும் அமெரிசியம்-பெரிலியம் மூலமாக இருக்கலாம். ஈயக் கூடு நியூட்ரானை நிறுத்தாது என்பதால் காமா பேனல் பேசாமல் இருக்கும்போதும் இது எரியும். எரிந்தால் மறு அளவீட்டுக்குக்கூட லாரியை நகர்த்தாதீர்கள், நேராகப் போன்தான்.

வேகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் யாரையும் விடாதீர்கள். வேகத்தைப் பாதியாக்கினால் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும், கண்டறியும் திறன் 1.4 மடங்கு கூடும். கேட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை போட்டால் ஓட்டுநர்களோடு வாக்குவாதமே வேண்டாம்.